அண்ணன் சீரும் அறுபது மூட்டை சிமென்ட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசகர் மனைவியோடு வீடு தேடி வந்திருந்தார். திருப்பூர்க்காரர். இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிப்பவராம். "நீங்க எழுதற ஊட்டைக் கண்ணால பாக்கோணும்னு ரொம்ப நாளா ஆசைங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் நல்ல சட்டையாக ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.

சுவரைத் தடவிப் பார்த்தார். ஜன்னலுக்குப் பதிலாக ஓட்டைக்கல் வைத்த பக்கத்திலிருந்து வந்த காற்றுக்கு முகத்தைக் காட்டினார். "அடடா" என்றார். "அருமைங்க" என்றார். காபி குடித்தார். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, குரலைத் தணித்து, ரொம்பப் பக்குவமாகக் கேட்டார்.

"ஏனுங் சார்... பூச்சு வேலை எப்பங்க ஆரம்பிக்கறீங்க?"

உள்ளே என் மனைவி சாந்தாமணி டம்ளர் கழுவுகிற சாக்கில் சிரிப்பது எனக்குக் கேட்டது.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு நான் அரை மணி நேரம் பதில் சொல்வேன். சுண்ணாம்பில் ஆரம்பித்து உருகும் பனிப்பாறை வரைக்கும் போவேன். இப்போதெல்லாம் "பாக்கலாம்ங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறேன். இந்த அடக்கம் எப்படி வந்தது என்கிறீர்களா? அதற்கு நான் அறுபது மூட்டை சிமென்ட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பல வருடமாக இந்தப் பக்கத்தில் உங்களையெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறேன், இல்லையா? மேற்கு வெயிலுக்கு நேராக முழுக் கண்ணாடி வைத்து ஆபீஸ் கட்டுகிறோம். உள்ளே வேகிறது என்று ஏசி மாட்டுகிறோம். ஏசி ஓடுகிறதே என்று திரையை இழுத்துவிடுகிறோம். இருட்டாகிவிட்டதே என்று பட்டப்பகலில் லைட் போடுகிறோம். அப்புறம் கரன்ட் பில்லைப் பார்த்து அரசாங்கத்தைத் திட்டுகிறோம். தென்னந்தோப்பை வேரோடு பிடுங்கிப்போட்டுவிட்டு, அதே இடத்தில் 'கிரீன் அவென்யூ' என்று ஆர்ச் வைக்கிறோம்... அந்த வாசலில் ஒரு வாட்ச்மேன் நிற்க நிழல் இருக்கிறதா?

இப்படியெல்லாம் எழுதிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு வாசகி கடிதம் போட்டார். ஒரே வரி. "எல்லாஞ் சரிங்க சார், நீங்க குடியிருக்கிறது எப்படிப்பட்ட வீடுங்க?"

நான் குடியிருந்தது மூன்றாவது மாடியில், மேற்குப் பார்த்த, இரண்டு ஏசி மாட்டிய வாடகை பிளாட்டில்.

ரோஷம் வந்துவிட்டது. பெரியநாயக்கன்பாளையம் தாண்டி உள்ளே ஒரு சைட் வாங்கிப் போட்டிருந்தோம். மனிதன் வீடு கட்டினால் இப்படிக் கட்ட வேண்டும் என்று நாலு பேருக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த சைட்டும் ஒரு தோப்பை வெட்டிப் பிரித்ததுதான். அதை மட்டும் நான் இதுவரை எங்கேயும் எழுதவில்லை.

ஆர்க்கிடெக்ட்டாக வந்தவள் ஜெசிந்தா. என் நண்பரின் மகள். ஸ்கூட்டரில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே சண்டை போடுவாள். அஸ்திவாரம் தோண்டி எடுத்த மண்ணையே, கொஞ்சம் சிமென்ட் கலந்து, மெஷினில் அழுத்திக் கல்லாக்கி, அந்தக் கல்லிலேயே சுவர் எழுப்புவது அவள் வழி. சூளை வேண்டாம். விறகு வேண்டாம். செங்கல் ஏற்றிக்கொண்டு லாரி அலைய வேண்டாம். பூச்சும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். "மண் சுவரு மூச்சு விடணும் அங்கிள். பூசுனா அதோட மூக்கை அடைச்ச மாதிரி" என்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி காதர் பாய்க்கு முகமே செத்துப்போனது. உக்கடத்துக்காரர். முப்பது வருடமாகச் சுவர் பூசுகிறவர். அவர் பூசிய சுவரில் கோலிக்குண்டை உருட்டினால் நேராக ஓடும் என்று பெயர் வாங்கியவர்.

"செவுரு மூச்சு உட்டா உடட்டுமுங்க சார்" என்றார். "ஆனா பூசாம உடறது... மாப்பிள்ளையச் சட்டை போடாம மேடையேத்தற மாதிரி இருக்குதுங்க. பாக்கறவங்க மாப்பிள்ளையவா கேப்பாங்க? தெச்சவனைத்தானுங்க கேப்பாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வீடு எழும்ப எழும்ப, தெருவில் போகிறவர்கள் நின்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். "ஏனுங் பாய், பூசலீங்களா?" பாய் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இது இப்படித்தான், பூச மாட்டோம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல அவர் தொழில் கௌரவம் விடவில்லை. என்மேல் இருந்த மரியாதையில் பொய் சொல்லவும் மனமில்லை. அதனால் ஒரு பெருமூச்சு விட்டு, "பூசத்தான் வேணுங்க... நேரம் வரட்டும்ங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நம் ஊரில் இந்த ஒரு வாக்கியம் போதும். கேட்டவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்பது மரியாதை இல்லை. நேராகப் போய் நாலு பேரிடம் எங்களுக்காக வருத்தப்படுவார். அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரிடம் வருத்தப்படுவார்கள். சாந்தாமணி குடும்பம் கையில் காசில்லாமல் பாதி வீட்டோடு நிற்கிறது என்று ஈரோடு வரைக்கும் செய்தி போய்விட்டது. எங்களுக்கு மட்டும் தெரியாது. பக்கத்து சைட்காரர் திடீரென்று ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். பழைய சிநேகிதர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் தோளைத் தட்டி, "எல்லாஞ் சரியாப் போயிருமுங்க, தைரியமா இருங்க" என்றார். என் எழுத்துக்கு இவ்வளவு ஆதரவா என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

இங்கே சென்னியப்பன் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாந்தாமணியின் அண்ணன். ஒரே அண்ணன். சென்னிமலையில் பெட்ஷீட் கடை. தங்கை என்றால் உயிர். அப்படிப்பட்டவர் இரண்டு வருடமாக எங்களோடு பேசவில்லை. காரணம்? அதுவும் என் பசுமைதான்.

என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கூடாது, காகிதம் வீண், மரம் பாவம் என்று சொல்லி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எல்லோருக்கும் என்றால், தாய்மாமனுக்கும். புரிகிறதா உங்களுக்கு? முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, புருஷனும் பொண்டாட்டியுமாக நேரில் போய்க் கொடுக்க வேண்டிய தாய்மாமனுக்கு, காலை வணக்கப் பூங்கொத்துப் படத்துக்கும் யாரோ அனுப்பிய நாட்டுமருந்துக் குறிப்புக்கும் நடுவில் என் மகளின் கல்யாணப் பத்திரிகை போய் விழுந்தது.

அவர் கல்யாணத்துக்கு வந்தார். தாய்மாமன் செய்ய வேண்டிய சீரை ஒன்று விடாமல் செய்தார். பந்தியில் உட்காராமல், பச்சைத் தண்ணீர் குடிக்காமல், பஸ் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு போன் எடுக்கவில்லை. சாந்தாமணி அழுதாள். என்னிடம் சண்டை போட்டாள். அப்புறம் சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

எனவே கிரகப்பிரவேசத்துக்கு ஒழுங்காக மஞ்சள் தடவிய பத்திரிகை அடித்தோம். மரங்கள் என்னை மன்னிக்கட்டும். முதல் பத்திரிகையைத் தட்டில் வைத்துக்கொண்டு இருவரும் சென்னிமலை போனோம். மச்சான், "வாங் மாப்ள, வா அம்மணி, உக்காருங்க" என்றார். காபி வந்தது. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சாந்தாமணி, "வருவாருங்களா?" என்று நாலு முறை கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

போன வருடம் வைகாசி மாதம் அது. வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சி முடித்தாயிற்று. ஒன்பது மணி இருக்கும். பந்தலில் இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருக்கிறது. சாந்தாமணி புதுப் புடவையில், பரிமாறவும் இல்லாமல், உட்காரவும் இல்லாமல், வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது.

முன்னால் சென்னியப்பன் மச்சான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பின்னால் அவர் மனைவியும் சொந்தக்காரப் பெண்கள் ஐந்தாறு பேரும் தட்டு ஏந்தி வருகிறார்கள். முதல் தட்டில் தேங்காய். இரண்டாவது தட்டில் பழம். மூன்றாவதில் பட்டுப்புடவை, வேட்டி. நாலாவது தட்டில், வெற்றிலை பாக்குக்கு மேலே, மஞ்சள் குங்குமம் வைத்து, சுவர் பூசுகிற கரணை ஒன்று. புத்தம் புதுசு.

அதற்குப் பின்னால் ஒரு டெம்போ ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. "வரட்டும், வரட்டும், வரட்டும்... ரைட்!"

டெம்போ நிறைய சிமென்ட்.

ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு குங்குமப் பொட்டு. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு முழம் மல்லிகை. மேளக்காரர்களுக்கு இது எந்தச் சடங்கு, என்ன வாசிப்பது என்று புரியவில்லை. டெம்போக்காரர் முதல் மூட்டையைத் தோளில் தூக்கி வாசற்படி தாண்டியபோது, எதற்கும் இருக்கட்டும் என்று கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ அட்சதையும் போட்டார்கள்.

மச்சான் தங்கையின் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அம்மணி... அண்ணன் ஒருத்தன் இருக்கறேன்ல? பூச வழியில்லாம இப்படிக் குடி வர்ற நெலம வந்துபோச்சா? என்றகிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே வந்து பாத்துப்போட்டுப் போயிட்டனுங் மாப்ள. நீங்க யாரும் இல்ல. பாய்தான் இருந்தாரு. அவுரு நல்ல மனுசன், உங்களைக் காட்டியே குடுக்கல. 'நேரம் வரட்டும்ங்க'ன்னாரு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. பத்திரிகை நாயமெல்லாம் பெருசா, கூடப்பொறந்தவ பெருசான்னு நெனச்சுப் பாத்தேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாழைத்தார் விளங்கியது. பஸ் ஸ்டாண்ட் சிநேகிதர் விளங்கினார். தூரத்தில் காதர் பாய் ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பதும் தெரிந்தது.

"மச்சான், இது வந்து—" என்று வாயைத் திறந்தேன். சாந்தாமணி என் காலை மிதித்தாள். பட்டுப்புடவைக்குள்ளிருந்து, வெளியே தெரியாமல், நன்றாக மிதித்தாள்.

"வாங்கிக்கறேனுங்ணா" என்றாள். அப்புறம் அழுதாள். அது நடிப்பில்லை. இரண்டு வருட அழுகை அது.

அன்று மச்சான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். போகும்போது, "திங்கக்கெழமை நானே வாரேன் மாப்ள. கிட்ட நின்னு பூசிக் குடுத்துட்டுத்தான் கடையத் தொறப்பேன்" என்றார்.

சாயங்காலம், அறுபது மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து நானும் சாந்தாமணியும் பேசிக்கொண்டோம்.

"உண்மையைச் சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்றது? உங்க தங்கச்சி நல்லாத்தான் இருக்கறா, ஒரு நாகரிகத்துக்காகப் பூசாம உட்டிருக்கறோம்னா? ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடி மேளம் வெச்சு மூட்டை எறக்குனவரு மூஞ்சிய எங்க கொண்டு வெப்பாரு? இன்னொரு தடவை இந்தப் படி ஏறுவாரா?"

"அப்ப செவுரு?"

"செவுரு இங்கியேதானுங்க நிக்கும். எங்கண்ணன் நிப்பாருங்களா?"

சீரைத் திருப்பி அனுப்பினால் உறவு முறிந்தது என்று அர்த்தம். வாங்கிவிட்டுப் பூசாமல் விட்டால், அது அதைவிடப் பெரிய அவமானம். சிமென்ட்டோ காத்திருக்கிற பொருள் இல்லை. மழை ஈரம் பட்டால் மூட்டையோடு கல்லாகிவிடும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சுவர் சுவராகத் தடவிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வாரப் பத்திக்கு 'பூச்சின் நன்மைகள்' என்று தலைப்புக்கூட யோசித்துவிட்டேன். ஜெசிந்தாவுக்கு போன் செய்யவில்லை. அவள் உறவில் ஒரு கல்யாணம் என்று திருச்சி போயிருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கே வரவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் பூசி முடித்துவிட்டால், நடந்தது நடந்துவிட்டது என்று சமாளித்துக்கொள்ளலாம். ஊருக்குத் தைரியம் சொல்கிற எழுத்தாளனின் லட்சணம் இது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே மச்சான் வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். காதர் பாய் கலவை போட்டுவிட்டார். முப்பது வருடத்தில் பாய் இவ்வளவு சந்தோஷமாக ஒரு கலவையைப் போட்டிருக்க மாட்டார். சீர்த் தட்டில் வந்த கரணையை மச்சான் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பாய் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கலவையை அள்ளி, ஹால் சுவரைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"பாய்! நிறுத்துங்க! யாருங்க பூசச் சொன்னது?" ஜெசிந்தா. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

பாய் என்னைப் பார்த்தார். நான் சாந்தாமணியைப் பார்த்தேன். சாந்தாமணி தரையைப் பார்த்தாள்.

"நாந்தாங் கண்ணு" என்றார் மச்சான். "ஏன்?"

"ஐயோ, இதைப் பூசவே கூடாதுங்க! பூசாத சுவருதான் வேணும்னு கேட்டுக் கட்டுனதே அங்கிள்தான். இதைப் பத்தி மூணு வாரம் பத்திரிகையில எழுதியிருக்காரே, நீங்க படிக்கலையா?"

அவர் படிக்கவில்லை. நான் எழுதுவதை என் சொந்தக்காரர்கள் யாருமே படிப்பதில்லை. படித்திருந்தால் இந்தக் கஷ்டமே வந்திருக்காது.

மச்சான் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார்.

"நான் பணமில்லைன்னு சொல்லவே இல்லீங்க" என்றார் பாய் அவசரமாக. "நேரம் வரட்டும்னுதானுங்க சொன்னேன்."

"அப்ப... வேணும்னே உட்டதா?"

மச்சான் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். ஜன்னல் கட்டையில் வைத்திருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். அவர் அப்படித் துண்டைப் போட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். கல்யாண மண்டபத்தில் பார்த்திருக்கிறோம்.

"ஒறம்பரை பூராவும் பாத்துச்சு அம்மணி" என்றார். குரல் உடைந்திருந்தது. "சிமென்ட்டு மூட்டைக்குப் பூச்சுத்தி, மேளம் வெச்சுக் கொண்டாந்திருக்கறேன். சென்னிமலையே சிரிக்கும். நான் வாரேன்."

சாந்தாமணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிடத்தில் எனக்கு இந்தச் சுவர் பிடிக்காமல் போய்விட்டது. உண்மையாகச் சொல்கிறேன். உலகத்துச் சூடெல்லாம் தணிந்தால் தணியட்டும், இல்லையென்றால் போகட்டும், இவள் இப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. "பூசுங்க பாய்" என்று சொல்லிவிடத்தான் போனேன்.

அதற்குள் ஜெசிந்தாவின் கண்ணில் மூட்டைகள் பட்டுவிட்டன. ஹால் மூலையில் மஞ்சளும் குங்குமமும் வாடிய மல்லிகையுமாக அடுக்கியிருந்த மூட்டைகள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் பல்.

"அங்கிள்! தொட்டி கட்ட முடிவு பண்ணிட்டீங்களா? என்கிட்ட சொல்லவே இல்லை!"

வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்த மச்சான் திரும்பினார். "என்ன தொட்டி?"

இந்த விஷயத்தை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஜெசிந்தா முதலில் போட்ட பிளானில் முற்றத்துக்கு அடியில் பெரிய மழைத்தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மொட்டை மாடியில் விழுகிற ஒரு சொட்டும் வீணாகாமல் அதில் வந்து இறங்க வேண்டும். வீட்டிலேயே முக்கியமானது அதுதான் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். நான்தான் அதைப் பிளானிலிருந்து அடித்துவிட்டேன். மண்ணுக்கடியில் கிடக்கிற தொட்டியை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? யார் போட்டோ எடுக்கப் போகிறார்கள்? அதற்கு ஆகிற செலவில் காரைக்குடியிலிருந்து ஒரு பழைய தேக்குக் கதவு வாங்கி வாசலில் மாட்டினேன். அதுவும் லாரியில்தான் வந்தது.

இதையெல்லாம் ஜெசிந்தா ஒன்று விடாமல் சொன்னாள். சாந்தாமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மச்சான் மெதுவாக உள்ளே வந்தார்.

"கண்ணு, செவுத்துக்குச் சிமென்ட்டு வேண்டாங்கறே. அந்தத் தொட்டிக்கு வேணுமா?"

"தொட்டிக்குச் சிமென்ட் இல்லாம முடியாதுங்க. இந்த மூட்டை எல்லாமே சரியா இருக்கும்."

மச்சான் நிமிர்ந்தார். இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த ஒன்று கையில் கிடைத்த மாதிரி அவர் முகம் மாறியது. துண்டை எடுத்துத் தலையில் கட்டினார்.

"ஏனுங் மாப்ள, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா? குடிக்கற தண்ணியச் சேத்தி வெக்க எடம் பண்ணாம, கதவுக்கா கொண்டு போய்க் கொட்டுனீங்க? அந்தக் கதவையா கரைச்சுக் குடிப்பீங்க? ஊருக்கெல்லாம் எழுதறீங்களாமா எழுத்து! எங்கூட்டு போர்ல ஆயிரம் அடியில புகை வருதுங்க. தண்ணிக்கு நாங்க படற பாடு தெரியுங்களா?"

இன்னும் என்னென்னவோ சொன்னார். கால் மணி நேரம் விடாமல் சொன்னார். கடைசிவரைக்கும் ஒரு 'ங்க' குறையவில்லை. நான் தலையைக் குனிந்து நின்றேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் எந்தப் பாராட்டு விழாவிலும் எனக்கு இவ்வளவு இதமாக இருந்ததில்லை. பார்க்கப் பார்க்க அவர் மறுபடியும் மச்சானாக ஆகிக்கொண்டிருந்தார்.

"பாய், கரணைய வெய்ங்க. கடப்பாரைய எடுங்க" என்றார். பாய் சுவரை ஏக்கத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார். தொட்டியின் உள்பக்கம் முழுக்கப் பூச வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

அந்த ஆனி மாதத்தில் பாதி நாள் மச்சான் எங்கள் வீட்டில்தான் இருந்தார். தொட்டியைத் தோண்டினார், கட்டினார், திட்டினார், சாப்பிட்டார். சென்னிமலையில் கேட்டவர்களுக்கெல்லாம், "தங்கச்சி ஊட்ல தொட்டி இல்லைன்னாங்க, அதான் சிமென்ட்டு கொண்டு போனேன்" என்று சொல்லியிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தொட்டிக்கு அளவு கேட்டிருக்கிறார்கள்.

நான் எத்தனையோ வாரம் எழுதிப் பார்த்தேன். ஒரு தொட்டிகூட வந்ததில்லை. பசுமை, சூழல் என்றெல்லாம் நாம் பேசினால் நம் ஜனங்கள் பாந்தமாகத் தலையாட்டிவிட்டு, "பூச்சு வேலை எப்பங்க?" என்கிறார்கள். தங்கை வீட்டில் ஒரு குறை என்று சொல்லுங்கள், டெம்போ பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நகரம் இந்த வேகத்தில் வளர்கிறபோது கட்டுமானத்துக்குப் புதிய தொழில்நுட்பம் வேண்டும், சட்டம் வேண்டும், மானியம் வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். கூடவே, ஆளுக்கொரு சென்னியப்பனும் வேண்டும்.

வீடு பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டைக்கல் வழியாகக் காற்று மட்டும் வருவதில்லை. குளவி வருகிறது, அணில் வருகிறது, ஒரு தடவை பாம்புச் சட்டை மட்டும் வந்தது. சட்டைக்கு உரியவர் எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. பங்குனி மதியத்தில் "காத்து ஜிலுஜிலுன்னு வருதுங்க" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்கிற விருந்தாளிகளையும் பார்த்திருக்கிறேன். நம் ஊர் மரியாதை அது. ஆனால் ஏசி மாட்டவில்லை. மின்விசிறி போதுகிறது.

தொட்டி முடிந்து முதல் மழை பெய்தபோது, மழை நிற்பதற்குள் மச்சானிடமிருந்து போன் வந்தது. "அம்மணி, கோயமுத்தூர்ல மழையாமா? தொட்டில எவ்வளவு நிக்குது?" சாந்தாமணி குடையைப் பிடித்துக்கொண்டு போய், மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்து, "கணுக்காலளவுங்ணா" என்றாள். அடுத்த மழைக்கு முழங்கால். ஐப்பசியில் இடுப்பு, மார்பு, கழுத்து. தண்ணீர்க் கணக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் அண்ணனும் தங்கையும் என்னதான் பேசுவார்களோ! தொட்டி நிரம்பி வழிந்த அன்று குடும்பத்தோடு வந்து, மூடியைத் திறந்து, தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது பங்குனி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பெய்து மாதக்கணக்காகிறது. மழை இல்லாததால் போனும் இல்லை. சாந்தாமணி சொல்லவில்லையே தவிர, நாளுக்கு நாலு தடவை வானத்தைப் பார்ப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முந்தாநாள் போன் அடித்தது. மச்சான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"இங்க மழை இல்லீங்களேண்ணா. எதுக்குங் கூப்புட்டீங்க?"



"இல்ல அம்மணி... அது எப்ப வரும்னு கேக்கலாம்னுதான்."

"மழை வரும்போது வரட்டுமுங்ணா. நீங்க வாங்க" என்றாள் சாந்தாமணி.

மச்சான் வந்து இரண்டு நாளாகிறது. மழைதான் பாக்கி.